லிஃப்ட் எண் இரண்டு

ஆகஸ்ட், வியாழன், இரவு பத்தே காலுக்கு அழைப்பு.
ஹூராவில் அந்தப் பழைய கட்டடம்,
லிஃப்ட் எண் இரண்டு, உள்ளே ஒருவர்.
காவலாளி நஸ்ருல் சொன்னான்:
"மாட்டிக்கொண்டிருப்பது கோச்."

எந்தக் கோச் என்று நான் கேட்கவில்லை.
மனாமாவில் எனக்கு ஒரே கோச்.

பத்தொன்பது வருடமாய் ஐந்நூறு ஃபில்ஸ் டிக்கெட்,
உம்முல் ஹஸ்ஸம் அரங்கில் கூடைக்குப் பின்பக்கம்,
சம்பூசா எண்ணெய் படிந்த நான்காம் வரிசை.
பச்சைச் சட்டைக்காரர்கள் தோற்ற இரவுகளில்
கேம்ப் பஸ்ஸில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள்.
ஜெயித்த இரவுகளில் நானே பேசிக்கொண்டு வருவேன்,
கேட்கத்தான் ஆளிருக்காது.

ஈஸா பூ ஹமூத். கத்தாத கோச்.
நடுவரை நோக்கி ஒரு புருவம், அவ்வளவுதான்.
ஆனால் ஆட்டம் இரண்டு புள்ளிக்குள் நெருங்கிவிட்டால்
இடது காலணியைக் கழற்றி
பெஞ்சுக்கடியில் தள்ளிவிடுவார்.
கடைசி நிமிஷம் முழுக்க
கோட்டோரம் ஒற்றைக் காலுறையில் நிற்பார்.
அதைப் பார்த்துத்தான் அரங்கமே எழும்.

மெஷின் ரூமுக்கு ஏறினேன்.
பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி,
பெட்டியை மட்டத்துக்கு இறக்க ஆறு நிமிஷம்.
தூக்கத்திலும் செய்கிற வேலை. இறக்கினேன்.
பிறகு சாவியோடு நான்காம் மாடிக்கு வந்து
கதவுக்கு இந்தப் பக்கம்
சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

"பயம் வேண்டாம் சார், இன்னும் கொஞ்ச நேரம்."
உள்ளங்கையில் சாவி வியர்த்தது.
எங்கள் இரண்டு பேரின் இந்தியும் வளைகுடா இந்தி,
வினைச்சொற்கள் வந்த கோலத்திலேயே நிற்கும்.
அதில் கேட்டேன்:
"அந்த இறுதி ஆட்டம். பதினொரு நொடி பாக்கி.
ஒரு புள்ளி பின்னால்.
கையில் டைம்-அவுட் இருந்தது, ஏன் கேட்கவில்லை?"

உள்ளே இருமலா சிரிப்பா தெரியாத ஒன்று.
"நீ அங்கே இருந்தாயா?"
"கூடைக்குப் பின்னால்."
"தீர்ந்துபோச்சு என்று நினைத்தேன்.
எண்ணத் தவறிவிட்டேன். பையன் எறிந்தான், விழுந்தது.
மறுநாள் பேப்பர் என்னை மேதை என்றது.
நான் திருத்தவில்லை."

அந்தப் பேப்பரை வெட்டிக் கட்டிலுக்கு மேலே
ஒட்டியிருந்தேன், அரபி வாசிக்கத் தெரியாமலே.

நாசரேத்தில் பள்ளி அணியில்
நானும் பாயிண்ட் கார்டு என்றேன்.
"உயரம்?"
"அஞ்சடி நாலு."
"அப்போ நன்றாக ஓடியிருப்பாய்."
இப்படி ஒருவர் என்னிடம் கேட்டதேயில்லை, அதனால்
இன்னும் கேட்டேன். ஏழாம் எண்ணின் முழங்கால்.
மழையில் கூரை ஒழுகிய அரையிறுதி.
பதில்கள் குறுகிக்கொண்டே வந்தன.
அவர் எப்போதும் சுருக்கம்தானே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருபத்து மூன்றாம் நிமிஷம்
நஸ்ருல் படியேறி மூச்சிரைக்க வந்தான்.
என்னைப் பார்த்தான். சாவியைப் பார்த்தான்.
திறந்தேன்.

முதலில் வெக்கை வெளியே வந்தது.
பிறகு அவர், டிராக்சூட் முதுகோடு ஒட்டிப்போய்,
நான் நினைத்திருந்ததைவிடக் குட்டையாக.
இடது காலில் வெறும் காலுறை.
காலணி லிஃப்டின் மூலையில்
தள்ளிவிட்ட மாதிரியே சாய்ந்து கிடந்தது.

அதற்கு அர்த்தம் பத்தொன்பது வருடமாய்
அத்துப்படி எனக்கு.
அதைக் கண்டால் எழுந்து நிற்பவன்,
அன்றைக்குப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் குனிந்து என் கையைப் பிடித்தார்.
"வேறொருவன் என்றால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.
உன் பேரென்ன?"
"வேதமுத்து."
இரண்டு தரம் முயன்று மூன்றாம் தரம் விட்டுவிட்டார்.
"அந்த டைம்-அவுட் விஷயம்..."
உதட்டில் விரலை வைத்தார்.
தலையாட்டினேன்.
நானும் திருத்தவில்லை.

அவர் என் சட்டைப்பையில் வைத்த இரண்டு தினாரில்
நஸ்ருலுக்குக் கரக் வாங்கிக் கொடுத்தேன்.
ஊதி ஊதிக் குடித்தான்.
இன்னொன்று வேண்டும் என்றான்.